கொடை கேசட்டை டிவிடிக்கு மாற்றிய கதை: சினிமாப் பாட்டுக்கு அடியில் இருந்த வில்லுப்பாட்டு

1992-இல் எங்கள் ஊர் சுடலைமாடன் கோவில் கொடையை, அதாவது கோவில் திருவிழாவை, எடுத்த விஎச்எஸ் கேசட் ஒருவழியாக டிவிடியில் ஏறிவிட்டது. மூன்று டிஸ்க். படம் சுமார்தான், அந்தக் காலத்துக் கேசட்டில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சத்தம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. இத்தனை வருஷமாக சினிமாப் பாட்டு மட்டும்தான் இருக்கிறது என்று வீட்டில் எல்லாரும் நம்பியிருந்த கேசட்டில் வில்லுப்பாட்டு முழுசாக இருந்தது. பழைய கேசட் வைத்திருப்பவர்கள் அதை ஸ்டுடியோவில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

கொஞ்சம் பின்கதை சொல்லவேண்டும். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வரும்போது தோளில் வைத்து எடுக்கிற பெரிய கேம்கார்டர் ஒன்று கொண்டுவந்திருந்தார். அந்த வருஷக் கொடையை மதியக்கொடையிலிருந்து நள்ளிரவுச் சாமக்கொடை வரைக்கும் எடுத்தார், மறுநாள் காலையில் அதே கோவிலில் நடந்த தங்கச்சியின் காதுகுத்தும் அதே கேசட்டில் இருக்கிறது. எடுத்து முடித்ததும் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, பூ, இதயம், தலைப்பு எதுவும் வேண்டாம், பாட்டு மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றிருக்கிறார். அப்போது அதுதான் வழக்கம், கல்யாணக் கேசட் என்றால் பாட்டு ஓடவேண்டும். அவர்களும் போட்டுக் கொடுத்தார்கள். வில்லின் முன்னால் வில்லுப்பாட்டுப் புலவர் வாயசைக்கிறார், சத்தமாக வருவது அந்த வருஷத்து ஹிட் பாட்டு. நாங்கள் பார்த்துப் பழகியது அதைத்தான். 2004 வாக்கில் ஒருமுறை விசிடியாக மாற்றியிருந்தோம். விசிடியில் படம் 352×288 தான், போதாததற்கு அந்த டிஸ்கின் வெள்ளிப் பூச்சு இப்போது பொரிந்து உதிர்கிறது. ஆக கேசட்டைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

முதல் வேலை, கேசட்டின் முதுகில் இடது ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவது. அது இருந்தால் யாராவது தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் அழிந்துவிடும். ஸ்டுடியோவில் பாட்டு ஏற்றுவதற்காக விட்டுவைத்த பல் அப்படியே இருந்தது.

அடுத்தது பூஞ்சை. எங்களுடையது கடலோர ஊர், மர பீரோவில் முப்பது வருஷம் கிடந்த கேசட். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளை படர்ந்திருந்தது. இந்த நிலையில் டெக்கில் போடவே கூடாது. பூஞ்சைத் தூள் டேப்பைப் படிக்கிற ஹெட்டை அடைக்கும், அதற்கப்புறம் அந்த டெக்கில் போடுகிற நல்ல கேசட்டையும் பிடிக்கும். முதலில் காற்றுப் புகாத டப்பாவில் கால் கிலோ சிலிக்கா ஜெல்லோடு சில வாரம் மூடி வைத்தேன். ஈரம் போனால் பூஞ்சை வளர்வது நின்று பொடியாகக் காய்ந்துவிடும், தட்டினாலே கொட்டும். ஈரத்தோடு துடைத்தால் இழுசிக்கொள்ளும். டேப்பை ஓவனில் வைத்துச் சூடாக்கச் சொல்லிச் சிலர் யோசனை கொடுத்தார்கள். அது பசை இளகி ஒட்டிக்கொள்கிற சில வகைப் பழைய டேப்புகளுக்குச் செய்வது. பூஞ்சைக்கு அது மருந்தில்லை, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கேசட்டின் அடிப்பக்கம் ஐந்து ஸ்டார் ஸ்க்ரூ. கழற்றும்போது கேசட்டைக் குப்புறவே வைத்துக் கழற்றி, பிறகு இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பி, மேல்மூடியைத் தூக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துள்ளி எங்கேயாவது போய்விடும். தூக்கியதும் டேப் எந்தக் குச்சிக்கு முன்னால் போகிறது, எதற்குப் பின்னால் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுருளின் ஓரத்தை மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் திண்ணையில் வைத்துத் தட்டினேன். மூக்கில் மாஸ்க் கட்டாயம், கையுறையும் வேண்டும். டேப்பில் வெளியே பார்க்கும் பக்கம்தான் பதிவு இருக்கும் பக்கம், அங்கே வெறும் விரல் படவே கூடாது.

ஓரம் சுத்தமானாலும் சுருளின் உள்ளே இருக்கும் மேற்பரப்பில் பூஞ்சை இருக்கும். அதற்குப் பழைய கேசட் ரீவைண்டர் ஒன்றை 200 ரூபாய்க்கு வாங்கி மூடியை அறுத்து எடுத்துவிட்டேன். கேசட்டின் முன்கதவைத் திறந்து ரப்பர் பேண்டால் கட்டி, டேப் வெளியே தெரியும் இடத்தில் முன்னும் பின்னும் மைக்ரோஃபைபர் துணித்துண்டு வைத்து ஓடவிட்டேன். ரீவைண்டரின் வேகத்தில் துடைத்தால் டேப் இழுபட்டு நீண்டுவிடும். 12 வோல்ட் மோட்டாருக்கு 5 வோல்ட் போன் சார்ஜர் கொடுத்ததும் நிதானமாகச் சுற்றியது. துணியில் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நனைய நனைய இல்லை, தொட்டால் குளிர்கிற அளவுக்கு மட்டும். மருந்துக்கடையில் கிடைக்கிற 70 சதவீதம் வேண்டாம், மிச்சம் தண்ணீர்தான். துணியை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தேன். துணியில் சாம்பல் நிறமாக வந்தால் அது பூஞ்சை. பழுப்பாக வந்தால் பதிவே உதிர்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடவேண்டும். என் கேசட்டில் சாம்பல் மட்டும்தான் வந்தது, இரண்டாவது ஓட்டத்தில் துணி வெள்ளையாகவே இருந்தது.

இனி டெக். விஎச்எஸ் டெக் உலகத்தில் புதிதாகச் செய்வதே நின்றுவிட்டது. கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்தியது. எனவே கிடைப்பதெல்லாம் பழையது. ஒரு காலத்தில் கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவரிடம் பரணில் கிடந்த மோனோ டெக் ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். தெரியாத டெக்கில் வீட்டுக் கேசட்டைப் போடாதீர்கள். சினிமாக் கேசட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், அரை நிமிஷத்தில் டேப்பைக் கடித்து வெளியே தள்ளியது. கொடை கேசட்டாக இருந்திருந்தால் அந்த இடம் கசங்கியே போயிருக்கும்.

எங்கள் ஊரில் டிவி ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சி இப்போது பெரும்பாலும் மிக்சியும் இன்டக்‌ஷன் அடுப்பும்தான் பார்க்கிறார். டெக்கைத் திறந்து பார்த்ததும், "தம்பி, ஹெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஐட்லர் ரப்பர் கல்லாப் போச்சு, அதான் டேப்ப இழுத்துச் சுத்த மாட்டேங்குது" என்றார். வலது பக்கச் சுருளைச் சுற்றிவிடுகிற சின்னச் சக்கரத்தில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையம் அது. "எமரி சீட் போட்டுத் தேச்சா கொஞ்ச நாள் ஓடுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "ஓடும், ஆனா நம்பிக் கேசட்டப் போட முடியாது" என்றார். அந்த ரப்பரை வெர்னியரில் அளந்து, பம்ப்செட் சாமான் கடையில் அதே உள்விட்டத்தில் ஓ-ரிங் வாங்கி மாட்டினோம். ஓ-ரிங்கின் வெளிப்பக்கம் உருண்டையாக இருப்பதால் பிடிப்பு குறைவு, எமரியில் லேசாகத் தட்டையாக்கியதும் சரியாகிவிட்டது. அவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஹெட் சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. 62 மி.மீ. விட்டமுள்ள உருளை, நம்முடைய பால் (PAL) என்ற டிவி முறையில் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றும். அதன் ஓரத்தில் இருக்கும் ஹெட்டின் நுனி கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சின்னது, நகம் பட்டாலே உடையும். காது குடையும் பஞ்சுக்குச்சி இங்கே ஆகாது, இழை மாட்டி ஹெட்டைப் பிடுங்கிவிடும். வழவழப்பான வெள்ளைத் தாளை ஆல்கஹாலில் நனைத்து உருளையின்மேல் லேசாக ஒட்டிவைத்து, தாளை அசைக்காமல் உருளையின் தலையைப் பிடித்து மெதுவாகச் சுற்றினால் போதும். மேலும் கீழுமாகத் துடைக்கவே கூடாது. முன்பெல்லாம் வாடகைக் கடையில் புது ரூபாய் நோட்டை வைத்து இதே மாதிரிதான் துடைப்பார்கள்.

டெக் ஓடியது, கேசட் ஓடியது. கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவதில்தான் அதிகம் சுற்றிவந்தேன். 850 ரூபாய்க்கு யுஎஸ்பி கேப்சர் குச்சி ஒன்று வாங்கினேன், மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்னோடு எஸ்-வீடியோ பின்னும் உள்ளது. அதோடு வந்த மென்பொருள் நேராக எம்பெக்காகச் சுருக்கிப் பதிகிறது, அதுவும் அமெரிக்க என்டிஎஸ்சி அமைப்பில் நிற்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெர்ச்சுவல்டப் போட்டேன். இலவசம், பழையது, ஆனால் எத்தனை ஃப்ரேம் விழுந்தது, அதாவது பதிவாகாமல் தவறியது, என்று எண்ணிச் சொல்லும், அதுதான் இங்கே முக்கியம். நான் வைத்த அமைப்பு: பால், 720×576, நிறம் 4:2:2, சுருக்கம் ஹஃப்யுவி. ஹஃப்யுவி எதையும் இழக்காமல் சுருக்குவது, அதனால் ஒரு மணிநேரத்துக்கு 30 ஜிபி தாண்டுகிறது. முதல் பதிவு நாலு ஜிபியில் நின்றுவிட்டது, ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 ஆக இருந்தது. என்டிஎஃப்எஸ் ஆக மாற்றியதும் அந்தப் பிரச்சினை போய்விட்டது.

போகாத பிரச்சினை, கேசட் கொஞ்சம் தடுமாறும் இடமெல்லாம் கேப்சர் குச்சி ஃப்ரேமைத் தவறவிடுவது. சில இடத்தில் முழு நீலத்திரை. டிவியில் பார்த்தால் அந்த இடங்களில் படத்தின் மேல்பகுதி லேசாக வளைகிறது, அவ்வளவுதான். ஆனால் குச்சிக்கு அது போதும், சிக்னலே இல்லை என்று முடிவுகட்டிவிடும். ஃப்ரேம் விழ விழ சத்தம் படத்துக்குப் பின்தங்கிக்கொண்டே இருக்கும், அரை மணிநேரத்தில் உதடும் சத்தமும் சேராது. யுஎஸ்பி ஹப்பை எடுத்தேன், வைஃபையை அணைத்தேன், ஆன்டிவைரஸை நிறுத்தினேன். கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. டெக்கிலிருந்து வருகிற படத்தின் கோடுகள் ஒவ்வொன்றும் சரியான நேரத்துக்கு வரவில்லை, அதைச் சரிசெய்து கொடுக்க நடுவில் ஒரு கருவி வேண்டும். டைம் பேஸ் கரெக்டர் என்று தனியாக இருக்கிறது, விலை நமக்குக் கட்டாது. அதற்குப் பதிலாகப் பழைய பானசோனிக் டிவிடி ரெக்கார்டர், டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்றவை, டிஸ்க் போடாமல் சும்மா நடுவில் வைத்தாலே வளைந்த கோடுகளை நேராக்கிக் கொடுக்கும். சித்தப்பா வீட்டில் இஎஸ்15 ஒன்று சும்மா கிடந்தது. டெக்கிலிருந்து மஞ்சள் வயர் ரெக்கார்டருக்கு, ரெக்கார்டரிலிருந்து எஸ்-வீடியோ வயர் குச்சிக்கு. அன்றைக்கே ஃப்ரேம் விழுவது நின்றது. முழு கேசட்டும் ஒன்றிரண்டு ஃப்ரேம் போனதோடு ஏறியது. பணம் செலவழிக்கிற மாதிரி இருந்தால் முதலில் இதற்குச் செலவழியுங்கள்.

இப்படியாக மோனோ டெக்கில் கேசட் முழுவதும் பதிந்து, டிவிடியும் போட்டுவிட்டேன். பாட்டோடு. வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன்.

படத்தில் ஓரத்தில் நுரை மாதிரி ஒரு கோடு இருந்தது, வேறு டெக்கில் ஓட்டினால் போகுமா என்று பார்க்கலாம் என்று தோன்றியது. சென்னை ரிச்சி தெருவில் தெரிந்த கடை வழியாக ஆறு ஹெட் உள்ள ஹை-ஃபை ஸ்டீரியோ டெக் ஒன்று 6,500 ரூபாய்க்கு வந்தது. போட்டேன். வில்லுப்பாட்டு வரும் இடம். சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அறுந்து உடுக்கையும் குடமும் கேட்டது, இரண்டு வினாடி. மறுபடி சினிமாப் பாட்டு. மறுபடி உடுக்கை, அதோடு புலவரின் குரல், பின்னால் "ஆமாம்" போடுகிறவரின் குரல். மறுபடி பாட்டு. டெக் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். முன்பக்கம் பார்த்தால் ஹை-ஃபை என்ற சின்ன விளக்கு அந்தச் சத்தத்தோடு சேர்ந்தே எரிந்து எரிந்து அணைகிறது.

விஎச்எஸ் கேசட்டில் சத்தம் இரண்டு இடத்தில் இருக்கலாம். எல்லா டெக்கும் படிப்பது டேப்பின் மேல் ஓரத்தில் ஒரு மி.மீ. அகலத்தில் ஓடும் தடம். டேப் நகர்வது வினாடிக்கு 23.39 மி.மீ. மட்டும், சாதாரண ஆடியோ கேசட்டில் பாதி வேகம்கூட இல்லை, அதனால்தான் விஎச்எஸ் சத்தம் எப்போதும் மந்தமாக இருக்கும். ஹை-ஃபை கேமராவில் எடுத்தால் அதே சத்தம் சுழலும் உருளையின் ஹெட் வழியாகப் படத்துக்கு அடியில், டேப்பின் ஆழத்தில் இன்னொரு தடவை பதிவாகும். சித்தப்பாவின் கேமரா ஹை-ஃபை. ஸ்டுடியோக்காரர்கள் ஆடியோ டப் செய்து பாட்டுப் போட்டபோது மேல் ஓரத் தடம் மட்டும் அழிந்து அதில் பாட்டு ஏறியது. அடியில் இருந்ததை அழிக்கவேண்டுமானால் படத்தையும் சேர்த்துத்தான் அழிக்கமுடியும். எங்கள் வீட்டு டெக்கும் மோனோ, அதாவது ஓரத் தடத்தை மட்டும் படிப்பது, விசிடி போட்ட கடையின் டெக்கும் மோனோவாகத்தான் இருந்திருக்கவேண்டும், நான் வாங்கியதும் மோனோ. அதனால் அந்தச் சத்தத்தை இத்தனை வருஷம் ஒருவரும் கேட்கவே இல்லை.

சத்தம் மாறி மாறி வந்ததற்குக் காரணம் டிராக்கிங், அதாவது டேப்பின் தடத்தில் ஹெட் சரியாகப் பொருந்தி ஓடுவது. ஹை-ஃபை சிக்னல் பலவீனமானால் டெக் தானாகவே ஓரத் தடத்துக்குத் தாவிவிடும். தானியங்கி டிராக்கிங்கை விட்டுவிட்டு ரிமோட்டில் கையால் ஒவ்வொரு படியாக நகர்த்தினேன். படம் மிக நன்றாகத் தெரிகிற படியும் ஹை-ஃபை சத்தம் நிலைத்து நிற்கிற படியும் ஒன்றல்ல. இரண்டு படி தள்ளி வைத்தபோது விளக்கு அணையாமல் நின்றது, உறுமல் மட்டும் மிச்சம் இருந்தது. இன்னும் ஒரு படி தள்ளியதும் உறுமலும் போனது. வில்லில் கட்டிய மணிகள் தனித்தனியாகக் கேட்டன. வீசுகோல் நாணில் விழும் சத்தம், குடத்தின் கனத்த சத்தம், நடுவில் யாரோ டீ கேட்பது, கொஞ்சம் தள்ளி ஜெனரேட்டர். சுடலைமாடன் கதையில் அவர் கைலாசத்திலிருந்து இறங்கி வருகிற பகுதி பாடிக்கொண்டிருந்தார்கள். சாமி வந்து ஆடும் இடத்தில் பெண்கள் குலவையிடுவதில் ஆச்சியின் குலவை தனியாகத் தெரிகிறது, அம்மா உடனே சொல்லிவிட்டாள். ஆச்சி இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவள் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை.

அதனால் எல்லாம் முதலிலிருந்து. டெக்கின் ஆடியோ பட்டனில் ஹை-ஃபை, நார்மல், மிக்ஸ் என்று மூன்று உண்டு. ஹை-ஃபையில் வைத்து முழுக் கேசட்டையும் பதிந்தேன். பிறகு நார்மலில் வைத்து இன்னொரு முறை. பாட்டையும் விட மனமில்லை, அம்மாவுக்கு அந்தக் காதுகுத்துக் காட்சி என்றால் அந்தப் பாட்டும் சேர்ந்துதான். டிவிடியில் எட்டு ஆடியோ தடம் வரை வைக்கலாம், ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தினால் மாறும். எனவே ஒன்றில் கோவிலில் கேட்ட சத்தம், இரண்டாவதில் ஸ்டுடியோ போட்ட பாட்டு. என்னிடம் இதுதான் வேண்டும், அதுதான் வேண்டும் என்று வீட்டில் யாரும் சண்டை போடவேண்டியதில்லை.

இரண்டு பதிவையும் பொருத்த ஒரு வழி கிடைத்தது. கொடையில் ஃபோட்டோக்காரர் ஃபிளாஷ் அடிக்கும்போதெல்லாம் படத்தில் ஒரே ஒரு ஃப்ரேம் வெளுத்துப்போகும். ஆரம்பத்தில் ஒரு ஃபிளாஷ், கடைசியில் ஒரு ஃபிளாஷ் எடுத்து இரண்டு பதிவிலும் அந்த ஃப்ரேம் எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஆரம்பத்தைப் பொருத்தியதும் கடைசியில் இரண்டு ஃப்ரேம்தான் வித்தியாசம், அதாவது 80 மில்லி வினாடி. பாட்டுத் தடத்துக்கு அது யாருக்கும் தெரியாது. ஃப்ரேம் விழாமல் பதிந்ததால்தான் இது இவ்வளவு சுலபமாக முடிந்தது.

டிவிடிக்கு மாற்றும்போது ஒரு இடத்தில் நன்றாகவே தடுமாறினேன். விஎச்எஸ் படம் வினாடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒற்றைக் கோடு ஒரு பாதி, இரட்டைக் கோடு ஒரு பாதி என்று இரண்டு பாதி. எந்தப் பாதி முதலில் என்று மென்பொருளுக்குத் தவறாகச் சொல்லிவிட்டால் கம்ப்யூட்டரில் தெரியாது, டிவியில் போட்டால்தான் தெரியும். புலவர் வீசுகோலை ஓங்கும்போது அது கீழே வருவதற்குப் பதில் முன்னும் பின்னும் உதறியது. நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாம் சரியாக இருந்தார்கள், அசைந்த பொருள் மட்டும் நடுங்கியது. இப்படி வேகமாக அசைகிற ஒரு இடத்தை முதலிலேயே சின்ன டிஸ்காகப் போட்டு டிவியில் பார்த்துவிட வேண்டும். இந்தக் குச்சி வழியாகப் பதிந்ததற்கு ஒற்றைக் கோட்டுப் பாதி முதலில் என்று வைத்ததும் சரியாகிவிட்டது. டிவிடிக்காகப் படத்தை டி-இன்டர்லேஸ் செய்யாதீர்கள், பாதி பாதியாகவே இருக்கட்டும், டிவி பார்த்துக்கொள்ளும். போனில் பார்ப்பதற்குத் தனியாக டி-இன்டர்லேஸ் செய்து வினாடிக்கு 50 ஃப்ரேமாக, 768×576 அளவில் ஒரு எம்பி4 போட்டுக்கொண்டேன். 25 ஃப்ரேமாக்கினால் ஆட்டமெல்லாம் தட்டுத்தட்டாகத் தெரியும்.

படத்தின் அடியில் பத்துக் கோடு அளவுக்குக் கலங்கலாக இருக்கும், ஹெட் மாறுகிற இடம் அது, எல்லாக் கேசட்டிலும் உண்டு. வெட்டவில்லை, கறுப்பால் மறைத்தேன். பொரிபொரியாகத் தெரிவதை மென்பொருளில் வழித்துப் பார்த்தேன், ஆச்சியின் முகச் சுருக்கமெல்லாம் சேர்ந்து போனது, விட்டுவிட்டேன்.

அளவு இப்படி: எம்பெக்-2, 8 எம்பிபிஎஸ், சத்தம் 48 கிலோஹெர்ட்ஸ் ஏசி-3, தடத்துக்கு 256 கேபிபிஎஸ், இரண்டு தடம். மொத்தம் எட்டரை எம்பிபிஎஸ், ஒரு மணிநேரத்துக்கு 3.8 ஜிபி. 4.7 ஜிபி டிஸ்கில் ஒரு மணிநேரம் தாராளமாக அடங்கும். கேசட்டில் இருந்தது இரண்டே முக்கால் மணிநேரம், ஒரே டிஸ்கில் திணித்தால் 3 எம்பிபிஎஸ்க்குக் கொஞ்சம் மேலேதான் படத்துக்குக் கிடைக்கும், தீபாராதனைப் புகையெல்லாம் கட்டம் கட்டமாகப் போய்விடும். எனவே மதியக்கொடை ஒன்று, சாமக்கொடையும் வில்லுப்பாட்டும் ஒன்று, காதுகுத்தும் மீதியும் ஒன்று என்று மூன்றாகப் பிரித்தேன். டிவிடி ஸ்டைலரில் மெனு, இம்க்பர்னில் எழுதியது, வேகம் 8x, எழுதி முடித்ததும் சரிபார்ப்பு. டிஸ்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டவில்லை, நடுவளையத்தில் மார்க்கரால் மட்டும் எழுதினேன். டிஸ்க் அம்மாவுக்கும் உறவுக்காரர்களுக்கும் பார்க்க. காப்பாற்றி வைக்கிற பிரதி என்று நான் நம்புவது ஹார்ட் டிஸ்கில் இருக்கும் ஹஃப்யுவி கோப்புகளைத்தான், அதில் ஒரு பிரதி சித்தப்பா வீட்டிலும் இருக்கிறது.

செலவு: மோனோ டெக் 1,500, ஹை-ஃபை டெக் 6,500, கேப்சர் குச்சி 850, ரீவைண்டர் 200, அண்ணாச்சிக்கு 500, ஆல்கஹால், கையுறை, சிலிக்கா ஜெல் எல்லாம் சேர்த்து 500, வயர்கள் 300, யுஎஸ்பி டிவிடி ரைட்டர் 1,900, பத்து டிஸ்க் 350, 2 டிபி ஹார்ட் டிஸ்க் 6,000. மொத்தம் 18,600. மோனோ டெக் வாங்காமல் இருந்திருந்தால் அதிலும் அண்ணாச்சி வேலையிலும் இரண்டாயிரம் மிச்சம், அதைவிட முதல் முறை பதிந்த நேரம் மிச்சம்.

அடுத்த கேசட்டுக்கு முதலில் ஹை-ஃபை டெக்கில் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். எரிந்தால் பட்டனை ஹை-ஃபையிலும் நார்மலிலும் மாற்றி மாற்றி ஐந்து இடத்தில் கேட்பேன், கேசட்டின் நடுவிலும் கேட்கவேண்டும், பாட்டு எல்லா இடத்திலும் போட்டிருக்க மாட்டார்கள். ஸ்டுடியோவில் இன்னொரு கேசட்டுக்கு மாற்றி எடிட் செய்து கொடுத்த கல்யாணக் கேசட்டுகளில் இது கிடைக்காது, அதில் இருப்பது பாட்டு மட்டும்தான். கேமராவிலிருந்து வந்த அசல் கேசட்டாக இருந்து, அந்தக் கேமரா ஹை-ஃபையாக இருந்து, அதிலேயே பாட்டு ஏற்றியிருந்தால்தான் வாய்ப்பு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கள் கேமராவில் எடுத்துவிட்டுப்போன வீட்டு விசேஷக் கேசட்டுகளில் இந்த மூன்றும் சேர்ந்திருக்கலாம், அவற்றைத்தான் முதலில் தேடவேண்டும். ஸ்டுடியோவில் கொடுத்துத்தான் மாற்றுவீர்கள் என்றால், ஹை-ஃபை டெக்தானா என்று கேட்டு, ஆடியோவை எந்த நிலையில் வைத்துப் பதிவார்கள் என்பதையும் கேளுங்கள். மாற்றி முடித்த பிறகும் கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

வில்லுப்பாட்டு டிஸ்கில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி அந்தப் புலவரின் மகனிடம் கொடுத்திருக்கிறேன். அவர் இப்போது அப்பா இடத்தில் உட்கார்ந்து பாடுகிறார். அப்பா பாடிய வரிசையில் தான் விட்டுவிட்ட பகுதிகள் இதில் இருப்பதாகச் சொன்னார், எழுதிக்கொண்டிருக்கிறார். கோவில் வரிதாரர்களுக்கும் இரண்டு செட் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இன்னும் சில கேசட் பாக்கி. அதில் ஒன்று அத்தை 1997-இல் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது, என்டிஎஸ்சி, 720×480, வினாடிக்கு 29.97 ஃப்ரேம். இந்த டெக் அதையும் ஓட்டும், ஆனால் வெளியீட்டையும் என்டிஎஸ்சியாக மாற்றி, ரெக்கார்டர், குச்சி, வெர்ச்சுவல்டப் மூன்றிலும் அமைப்பை மாற்றவேண்டும். அதற்கு முன்னால் அதன் பூஞ்சையைப் பார்க்கவேண்டும், இதைவிட அதிகமாகவே இருக்கிறது.